புது வீட்டில் கூசிய ‘ஸ’: ஒரு ஸ்டீரியோ செட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சோமனூர் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. வீட்டுக்காரருக்கு 66 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர், இப்போது தறிகளை மகன் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் பாட்டு என்றால் உயிர். பழைய சினிமாப் பாட்டும் கர்நாடகக் கச்சேரியுமாக நூற்றைம்பது ரெக்கார்டுகளுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார். சேனலுக்கு 40 வாட் ஆம்ப்ளிஃபயர், அலுமினிய டோம் ட்வீட்டர் (உச்ச ஒலியை மட்டும் தரும் குட்டி ஸ்பீக்கர்) வைத்த ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு சி.டி. பிளேயர். போனிலிருந்து புளூடூத்திலும் பாட்டுப் போடுவார்கள்.

இதே செட்டு பழைய வீட்டில் எட்டு வருஷம் ஓடியது. அங்கே யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. தை மாதம் பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடி போனார்கள். போன முதல் வாரமே வீட்டம்மா, பாட்டுப் போட்டால் காது கூசுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மாசிக்குள் அவர் பாட்டு ஓடும்போது ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

என்னைக் கூப்பிடும் முன்பே மகன் இரண்டு காரியம் செய்திருந்தார். 14,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் ஒயர் மாற்றினார். கரண்ட் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று யாரோ சொன்னதால் ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கிப் போட்டார். இரண்டிலும் வித்தியாசம் இல்லை. கடைசியாக ஒரு கடையில், மெட்டல் ட்வீட்டர் என்றாலே கூசத்தான் செய்யும், ஸ்பீக்கரை மாற்றுங்கள் என்றார்கள். அப்போதுதான் எனக்கு போன் வந்தது. ஈரோட்டில் இருபது வருஷமாக ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். “ஏனுங்க, ஸ்பீக்கரை மாத்திப்போடலாமுங்களா?” என்று மகன் கேட்டார். வந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எதுவும் வாங்க வேண்டாம் என்றேன்.

முதல் நாள் கேட்டதும் பார்த்ததும்

ஹால் 18 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. தரையில் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். சுவர் முழுக்கப் பட்டி பார்த்து வழவழவென்று பெயிண்ட். மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். வலது பக்கச் சுவரில் பாதிக்கு மேல் கண்ணாடி ஜன்னல், திரை இன்னும் மாட்டவில்லை. உட்கார மர சோபா, மேலே மெல்லிய குஷன். அவ்வளவுதான்.

கைதட்டிப் பார்த்தேன். தட்டின சத்தம் நிற்காமல் ‘ஜ்ஜிங்’ என்று ஒரு தகர ஓசையாக இழுத்தது. எதிரெதிரே இரண்டு வெறும் சுவர் இருந்தால் வரும் எதிரொலி இது. 14 அடியைக் கடக்கச் சத்தத்துக்கு 12 மில்லிசெகண்டுதான் பிடிக்கும். அது இங்கும் அங்கும் பந்தாடப்படுவதுதான் அந்த ஜிங்.

அப்புறம் ஒரு கச்சேரி சி.டி. போட்டார்கள். கல்பனா ஸ்வரம் பாடும் இடம். பாடகர் ஒவ்வொரு முறை ‘ஸ’வில் வந்து நிற்கும்போதும் அந்த எழுத்து மட்டும் பாட்டிலிருந்து பிய்ந்து தனியாகச் சீறியது. ‘ரி’, ‘க’, ‘ம’ எல்லாம் ஒழுங்காக இருந்தன. மனிதக் குரலில் ‘ஸ’வின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் இதற்குச் சற்றுக் கீழேதான். அந்த வட்டாரத்தில் கொஞ்சம் கூடினாலும் உடனே தெரிந்துவிடும்.

“அந்த ‘ஸ’ வர்றப்பெல்லாம் காதுல ஊசி குத்தறாப்பல இருக்குதுங்க தம்பி” என்றார் அம்மா. அவர் சொன்னது எனக்கும் அப்படியே கேட்டது. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “உனக்கு மட்டுந்தான் புள்ள அப்படி. எனக்கு இன்னுங்கொஞ்சம் தெளிவா இருந்தாத் தேவலைன்னு இருக்குது.” இதைக் கேட்டவுடன் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வயதானவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழ், அதாவது உச்ச ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், கடிகாரத்தில் மூன்று மணி காட்டும் இடத்தில் இருந்தது. பழைய வீட்டிலும் அங்கேதான் இருந்ததாம். ஒரே குமிழ், ஒரே இடம், அந்த வீட்டில் கூசவில்லை, இந்த வீட்டில் கூசுகிறது என்றால், வீடு மாறியதில்தான் பாதி விடை இருக்கிறது என்று தோன்றியது.

பழைய வீட்டையும் பார்க்கக் கேட்டேன். ஓட்டு வீடு. சரிந்த கூரை, மரச்சட்டம், சமமில்லாத சுண்ணாம்புச் சுவர். பாட்டுக் கேட்ட அறையில் ஒரு பக்கம் நூல் மூட்டைகள், இன்னொரு பக்கம் இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில், அட்டாழி நிறையப் பழந்துணி. யாரும் திட்டமிடாமலே ட்ரெபிளை விழுங்கும் அறை அது.

ஒவ்வொன்றாக விலக்கியது

ஆம்ப்ளிஃபயரைக் கடைக்கு எடுத்து வந்து ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடில் போட்டு, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். 8 ஓமில் 42 வாட் வரை சைன் அலை தலை வெட்டுப்படாமல் வந்தது. ஆசிலேஷன் இல்லை. வெளியீட்டில் டி.சி. 12 மில்லிவோல்ட்தான். ஆம்ப்பில் பழுது இல்லை. அதே மேஜையில் ட்ரெபிள் குமிழையும் அளந்தேன். மூன்று மணி இடத்தில் 10,000 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் கூட்டியிருந்தது. இது சின்ன அளவில்லை.

திரும்பப் போய் இடது, வலது ஸ்பீக்கரை இடம் மாற்றினேன். கூச்சம் வலது பக்கம் அதிகம் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். ஸ்பீக்கர் மாறிய பிறகும் வலது பக்கமே கூசியது. ட்வீட்டர் கெட்டிருந்தால் கூச்சம் ஸ்பீக்கரோடு சேர்ந்து இடப் பக்கம் போயிருக்கும். வலது பக்கம் நின்றுவிட்டதால் கண்ணாடி ஜன்னல் மேல் சந்தேகம் வலுத்தது.

ஸ்பீக்கரை மாற்றும் யோசனையை அந்தக் குடும்பம் கைவிட்டது அன்று சாயந்திரம்தான். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தோம். ஒயரை ஜன்னல் வழியாக இழுத்தோம். புதிதாக வாங்கிய அந்த ஒயர் நல்ல நீளம். அதே சி.டி., அதே ஸ்வரம், அதே சத்த அளவு. மூன்று பக்கமும் வெட்டவெளி, திருப்பி அடிக்கச் சுவர் இல்லை. ‘ஸ’ கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது, ஆனால் குத்தவில்லை. ட்ரெபிள் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அந்தத் தூக்கலும் போய்க் குரல் குரலாக நின்றது. அம்மா முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் வந்து உட்கார்ந்து அந்த சி.டி. முடியும்வரை கேட்டார். அவர் பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் அளவு மைக்கை லேப்டாப்பில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு மென்பொருளில் ஹாலை அளந்தேன். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை சத்தம் அடங்க 1.3 செகண்டு பிடித்தது. குரல் தெளிவாகக் கேட்க வீட்டு ஹாலில் இதில் பாதிகூட வேண்டியதில்லை. கீழ் ஸ்தாயியில் அவ்வளவு நீளவில்லை. காரணம் ஜிப்சம் சீலிங். ஜிப்சம் பலகைக்கு மேல் காற்றிடம் இருப்பதால் அது தாழ்ந்த ஒலியில் அதிர்ந்து அதைத் தின்றுவிடும், ட்ரெபிளை அப்படியே திருப்பி அனுப்பும். பேஸ் குறைந்து ட்ரெபிள் தங்கினால் முழுப் பாட்டும் கூர்மைப் பக்கம் சாய்ந்துதான் கேட்கும். புது வீடு கட்டுகிறவர்கள் அழகுக்காகச் சீலிங் போடும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எடுத்த முடிவும் அதில் செய்த தவறும்

காசு செலவில்லாதது முதலில், திரும்ப எடுக்க முடிந்தது இரண்டாவது, வாங்க வேண்டியது கடைசியில் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியபின் அதே ஸ்வரத்தை அதே சத்தத்தில் இரண்டு பேரும் கேட்பது என்றும் முடிவு செய்தோம்.

முதல் வேலை, ட்ரெபிளை நடுவில் வைத்து ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தது. அம்மாவுக்குப் பாதிக் கூச்சம் குறைந்தது. வீட்டுக்காரர், பாட்டு மூடி போட்ட பாத்திரத்துக்குள் போய்விட்டது என்றார்.

அடுத்து துணி. பவானியிலிருந்து ஆறடிக்கு ஒன்பதடி ஜமக்காளம் ஒன்று வாங்கி ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்தோம். வீட்டுக்காரர் விரலால் அழுத்திப் பார்த்து, “கைத்தறிதானுங்க. ஊடை நல்ல தடிமன், விசைத்தறியில இப்படி வராது” என்றார். தறிக்காரர் கை பொய் சொல்லாது. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்குத் துணி எடுத்து நிறைய மடிப்பு விழும்படி தொங்கவிட்டோம். இழுத்துக் கட்டிய திரையைவிட மடிப்புத் திரை அதிகம் உறிஞ்சும்.

சீறல் நன்றாகக் குறைந்தது. ஆனால் வேறொரு குறை எழுந்தது. குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. மெல்லிய துணி உச்ச ஸ்தாயியை மட்டும்தான் தின்னும், 300 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியை அசைக்காது. மேலே இருந்ததை எடுத்துவிட்டு நடுவை அப்படியே விட்டதால் அது கட்டை குரலாக முன்னே வந்தது. இன்னொரு ஜமக்காளம் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

நடுப்பகுதிக்குத் தடிமன் வேண்டும். நான்கடிக்கு இரண்டடியில் நான்கு மரச் சட்டம் அடித்து, மில் கழிவுப்பஞ்சை நிரப்பிக் காடாத்துணி போர்த்துச் சுவரில் மாட்டலாம் என்று மகன் சொன்னார். பஞ்சு அவர்களிடம் சும்மா கிடந்தது. நானும் சரி என்றுவிட்டேன். முதல் சட்டம் முடிந்து சுவரில் ஏறியதும், அதற்கு அரையடி தள்ளி பிளக் பாயிண்ட் இருப்பதைப் பார்த்தேன். பதப்படுத்தாத பஞ்சு ஒரு பொறி பட்டால் நின்று எரியும். தறிக்குடோனில் தீ எப்படிப் பரவும் என்று அந்த வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றே இறக்கிவிட்டோம். பதிலுக்கு 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கியது) பலகை வாங்கி, இழை பறக்காமல் இருக்க உள்ளே ஒரு துணியில் பொதிந்து, மேலே அதே காடாத்துணியைப் போர்த்தினோம். ராக்வூல் தீப்பிடிக்காது. சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு மாட்டினோம். பின்னால் காற்றிடம் விட்டால் இன்னும் தாழ்ந்த ஒலி வரைக்கும் பிடிக்கும்.

நான்கில் இரண்டு பலகை பக்கச் சுவர்களில், ஸ்பீக்கர் சத்தம் பட்டுத் திரும்பும் இடத்தில் போயிற்று. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடம்தான் அது. வலப் பக்கம் அது ஜன்னல் ஓரத்தில் வந்ததால் பலகையை ஒரு ஸ்டேண்டில் நிறுத்தினோம். மற்ற இரண்டு சோபாவுக்குப் பின்னால்.

மறுபடி அளந்தபோது அதே 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் 0.65 செகண்டு. கைதட்டினால் தட்டு மட்டும்தான் கேட்டது.

ரெக்கார்டில் மட்டும் மிச்சமிருந்த சீறல்

சி.டி.யும் போனும் சரியான பிறகு, ரெக்கார்டில் மட்டும் ‘ஸ’ எச்சில் தெறிப்பதுபோல் கேட்டது. அதுவும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில். அறைக் குறை எல்லாவற்றையும் மூடியிருந்ததால் இது இதுவரை தனியாகத் தெரியவில்லை.

ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே மூன்றிலொரு பங்கு சுற்று என்றாலும் ஊசிக்கு அடியில் ஓடும் வேகம் ஒரே மாதிரி இருக்காது. வெளி விளிம்பில் செகண்டுக்கு 51 சென்டிமீட்டர், உள்ளே லேபிள் பக்கம் சுமார் 21 சென்டிமீட்டர். அதே ‘ஸ’ உள்ளே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஊசி சரியில்லையென்றால் முதலில் சறுக்குவது அங்கேதான்.

வீட்டுக்காரர் துணியில் இழை எண்ணும் தன்னுடைய பிக் கிளாஸைக் கொடுத்தார். வெளிச்சத்தில் ஊசியைப் பார்த்தேன். முனையைச் சுற்றிப் பஞ்சுத் தூசி கடுகளவு உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தது. தறி இருக்கிற ஊரில் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது, ஊசி வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் இப்படித்தான். பின்னாலிருந்து முன்னால், மெல்லிய தூரிகையால் எடுத்தேன். ஊசித் தேய்மானம் அந்தக் கண்ணாடியில் தெரியாது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும். ஆனால் எட்டு வருஷமாக மாற்றவில்லை என்றார்கள். ஒரு ஊசிக்கு ஆயிரம் மணி நேரம் என்பதே தாராளக் கணக்கு.

ஊசியின் அழுத்தத்தைத் தராசில் வைத்தால் 1.3 கிராம். ஊசியைத் தாங்கும் அந்தக் காட்ரிட்ஜுக்குச் சொன்னது 2 கிராம். பேரன், ரெக்கார்டு தேயாமல் இருக்கட்டும் என்று குறைத்திருக்கிறான். நல்ல எண்ணம்தான், பலன் நேர் எதிர். லேசான ஊசி ‘ஸ’ வரும் இடத்தில் காடியை, அதாவது ரெக்கார்டில் ஊசி ஓடும் பள்ளத்தை, விட்டுத் துள்ளி, அதன் சுவரில் மோதி மோதிக் காடியையே கிழிக்கும். புது ஊசி 3,200 ரூபாய்க்கு வாங்கி, 2 கிராம் வைத்து, அலைன்மென்ட் அட்டையில் கோணமும் சரிசெய்தேன். தெறிப்பு பெரும்பாலும் நின்றது.

காது பற்றிய பேச்சு

அம்மாவுக்குத் திருப்தி. வீட்டுக்காரர் மட்டும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே இருந்தார். ஒருநாள் போனபோது ட்ரெபிள் குமிழ் மறுபடி மூன்று மணியில் இருந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். பாட்டு உரக்கப் போகும்போது ஒரு பெரிய ‘ஸ’ வந்தால் அவரும் கண்ணைச் சுருக்கினார். கேட்டதற்கு, “ஆமாங்க, பல நேரம் ஒண்ணுமே கேக்காது. திடீர்னு ஒரேயடியாக் குத்தும்” என்றார்.

குறைந்த சத்தத்தில் ஒற்றைச் சுரங்களைப் போட்டேன். 1,000 ஹெர்ட்ஸ், 2,000, கேட்டார். 4,000 போட்டதும் “நிறுத்திப்போட்டீங்களா?” என்றார். நிறுத்தவில்லை. பக்கத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கோயம்புத்தூரில் காது டாக்டரிடம் போய், எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்தார்கள். இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம், 55 டெசிபல். பல வருஷம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் பள்ளம் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். அதோடு, இப்படிப் பழுதான காதில் மெல்லிய சத்தம் கேட்காது, ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று முழுச் சத்தமாகக் கேட்கும். அவர் சொன்ன ‘திடீர்க் குத்து’ இதுதான். தெளிவு இல்லை என்று அவர் ட்ரெபிளைக் கூட்டக் கூட்ட, நல்ல காது உள்ள அம்மாவுக்கு அது ஊசியானது. இரண்டு பேர் சொன்னதும் நிஜம்.

இதற்குப் பிறகு உட்காரும் இடத்தை மாற்றினோம். அவருடைய நாற்காலியை ஸ்பீக்கர்களுக்கு ஆறரை அடி அருகில் கொண்டுவந்து, இரண்டு ஸ்பீக்கரையும் அவர் முகம் பார்க்கத் திருப்பினோம். பக்கத்தில் உட்கார்ந்தால் நேர்ச் சத்தம் கூடும், சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. அம்மாவின் ஊஞ்சல் ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும் கோட்டிலிருந்து முப்பது டிகிரிபோல் விலகி இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர், ட்வீட்டர் டோம் 2.5 சென்டிமீட்டர். அலைநீளம் டோமின் அளவை நெருங்க நெருங்க ஒலி நேரே குவிந்து பக்கவாட்டில் மெலியும். ஆக அவருக்குத் தெளிவும் அம்மாவுக்கு இதமும் ஒரே நேரத்தில் கிடைத்தன. ட்ரெபிள் இப்போது 2 டெசிபல்தான் கூடுதல்.

பின்னர் நடந்தது

ஆனி மாதம் மறுபடி போனேன். குமிழ் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பேச்சுக்குக் காது மெஷின் போட்டுக்கொள்கிறார், பாட்டுக்குக் கழற்றிவிடுகிறார்.

மகன் தறிக்குடோனில் ஓட்டுபவர்களுக்கு ஃபோம் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதுவரை சிலர் காதில் பஞ்சைத்தான் வைத்துக்கொண்டார்கள். பஞ்சு பெரிதாகத் தடுக்காது. ஃபோமைச் சரியாகச் செருகினால் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தறிக்குடோன் இரைச்சல் அதைத் தாண்டிப் போகக்கூடியது. இந்த வேலையில் எனக்கு அதிகத் திருப்தி தந்தது இந்தக் காதடைப்பான்தான்.

ஜமக்காளம், திரை, ராக்வூல், மரம், தையல் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். ஊசி தனி.

மறுபடி செய்தால்

முதல் நாளே கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் என்ன கேட்கிறது, என்ன வேலை பார்த்தவர் என்று விசாரிப்பேன். கணவன் ஒன்றும் மனைவி ஒன்றும் சொன்னபோது ஒருவர் சொல்வதை நான் ஒதுக்கியதால் ஆடியோகிராம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஊசியைத் தராசில் வைப்பதும் பத்து நிமிஷ வேலை, அதையும் முதல் நாளே செய்திருப்பேன். அந்த இரண்டு மாதமும் 1.3 கிராம் ஊசி நல்ல ரெக்கார்டுகள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கழிவுப்பஞ்சுக்கு இனி எந்த வீட்டிலும் சரி சொல்லமாட்டேன். துணியையும் பலகையையும் ஒன்றாகவே யோசித்திருந்தால் நடுவில் அந்தப் பானைக் குரல் வந்திருக்காது.

ஒன்பது ரெக்கார்டுகளில் கடைசிப் பாட்டு இன்னும் தெறிக்கிறது. பழைய ஊசி காடியைக் கிழித்துவிட்ட இடங்கள் அவை, புது ஊசி போட்டாலும் திரும்பாது. வீட்டுக்காரர் அவற்றின் உறையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தனி அடுக்கில் வைத்திருக்கிறார். புது ஊசி போட்ட நாளை பிளேயரின் மூடிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியாயிற்று. ஒவ்வொரு பக்கம் ஓடி முடிந்ததும் அதன் கீழே பேரன் ஒரு கோடு போடுகிறான்.